தச்சரின் மகன்: நீலக் குழந்தைகளைப் பிழைக்க வைத்தவரின் வரலாறு

குழந்தைகளுக்கான இதய மருத்துவம் படிக்கும் எவரும் 'பிளேலாக் – டாசிக் ஷன்ட்' என்ற பெயரைப் படிக்காமல் தேர்வு எழுத முடியாது. பிறவியிலேயே இதயக் குறையோடு பிறந்து, உதடும் நகமும் நீலம் பாய்ந்து, நாலு அடி நடந்தாலே மூச்சு முட்டிச் செத்துக்கொண்டிருந்த குழந்தைகளைப் பிழைக்க வைத்த அறுவை சிகிச்சை அது. 1944ஆம் ஆண்டு நவம்பர் 29 அன்று, அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதன்முதலாகச் செய்யப்பட்டது. ஆல்பிரட் பிளேலாக் அறுவை மருத்துவர். ஹெலன் டாசிக் குழந்தைகள் இதய மருத்துவர். இருவரும் வெள்ளையர்கள்.

மூன்றாவதாக ஒருவர் இருந்தார். அந்த அறுவை சிகிச்சையை ஆய்வகத்தில் நாய்களிடம் செய்து செய்து முறைப்படுத்தியவர் அவர். அதற்கு வேண்டிய கருவிகளைச் சரிக்கட்டியவரும் அவரே. பெயர் விவியன் தாமஸ். கறுப்பினத்தவர். மருத்துவக் கல்லூரியில் ஒரு நாள்கூட மாணவராக உட்கார்ந்ததில்லை. அண்மை ஆண்டுகளில்தான் மருத்துவ இதழ்கள் 'பிளேலாக் – தாமஸ் – டாசிக் ஷன்ட்' என்று எழுதத் தொடங்கியிருக்கின்றன. நடுவில் அந்த ஒரு பெயர் ஏறுவதற்கு ஏன் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது? இந்தக் கேள்வி நமக்கும் உரியது என்பதால்தான் இதை எழுதுகிறோம்.

இதயத்தில் ஓட்டை என்றால் என்ன?

வரலாற்றுக்குள் போகும் முன் நோயைப் புரிந்துகொள்வோம். நம் ஊர்களில் இவை எல்லாவற்றையும் 'இதயத்தில் ஓட்டை' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்.

இதயத்துக்கு நான்கு அறைகள். வலப்பக்கம் உடலிலிருந்து வரும் அசுத்த இரத்தத்தை வாங்கி நுரையீரலுக்கு அனுப்பும். இடப்பக்கம் நுரையீரலில் ஆக்சிஜன் ஏறிய நல்ல இரத்தத்தை உடலுக்கு அனுப்பும். இரண்டையும் ஒரு தடுப்புச் சுவர் பிரிக்கிறது. கீழ் அறைகளுக்கு நடுவே அந்தச் சுவரில் ஓட்டை இருப்பது குழந்தைகளிடம் மிகப் பரவலாகக் காணப்படும் பிறவிக் குறைகளில் ஒன்று. சிறிய ஓட்டைகள் பல தானாகவே மூடிக்கொள்ளும். பெரிய ஓட்டையானால் குழந்தை பால் குடிக்கும்போதே களைத்து வியர்க்கும், எடை ஏறாது, அடிக்கடி சளிக்காய்ச்சல் வரும். மேல் அறைகளுக்கு நடுவிலுள்ள ஓட்டை பல ஆண்டுகள் வெளியே தெரியாமலேகூட இருந்துவிடும்.

இன்னொன்று, மூடாத நாளம். தாயின் வயிற்றில் இருக்கும்போது குழந்தையின் நுரையீரல் வேலை செய்வதில்லை. அதனால் நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் இணைக்கும் ஒரு சிறு குழாய் இருக்கும். பிறந்த சில நாட்களில் அது மூடிக்கொள்ள வேண்டும். சிலருக்கு மூடாது.

நீலக் குழந்தைகளின் குறை இவற்றைவிடக் கடுமையானது. 1888இல் ஃபாலோ என்ற பிரெஞ்சு மருத்துவர் இதைத் தெளிவாக விவரித்ததால் 'ஃபாலோவின் நான்கு குறைகள்' என்பார்கள். நுரையீரலுக்குப் போகும் வழி குறுகிவிடும். கீழறைச் சுவரில் ஓட்டை இருக்கும். பெருந்தமனி அந்த ஓட்டையின் மேலேயே உட்கார்ந்திருக்கும். வலக் கீழறை தடித்துப்போகும். விளைவு, ஆக்சிஜன் ஏறாத இரத்தமே உடலுக்குப் போகும். இந்தக் குழந்தைகள் கொஞ்ச தூரம் ஓடியதும் சட்டென்று குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அது சோம்பேறித்தனம் அல்ல. அப்படி உட்காரும்போது காலுக்குப் போகும் இரத்தம் தடைப்பட்டு, நுரையீரலுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போகும். மருத்துவர்கள் சிகிச்சை கண்டுபிடிக்கும் முன்பே குழந்தைகள் தாமாகக் கண்டுபிடித்த வைத்தியம் அது.

பிறக்கும் நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்றுக்கு ஏதோ ஒரு பிறவி இதயக் குறை இருக்கிறது. எந்த நாட்டிலும், எந்தச் சாதியிலும் இது உண்டு. கிரகணத்தில் தாய் வெளியே வந்ததாலோ, முன்வினையாலோ வருவதல்ல.

காது கேளாத இதய மருத்துவர்

ஹெலன் டாசிக் 1898இல் பிறந்தவர். அவர் மருத்துவம் படிக்க விரும்பிய காலத்தில் ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரி பெண்களுக்குப் பட்டம் தரவில்லை. 1945இல்தான் அங்கே பெண்களை மாணவர்களாகச் சேர்த்தார்கள். டாசிக் ஜான்ஸ் ஹாப்கின்ஸுக்கு வந்து 1927இல் மருத்துவரானார். 1930இல் அங்கே குழந்தைகள் இதயப் பிரிவின் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது.

அதே காலத்தில் அவருடைய காது கேட்கும் திறன் குறையத் தொடங்கியது. இதய மருத்துவருக்கு ஸ்டெதஸ்கோப்தான் எல்லாம் என்றிருந்த காலம். அவர் விரல்களால் கேட்கப் பழகினார். குழந்தையின் நெஞ்சில் கை வைத்துத் துடிப்பையும் அதிர்வையும் உணர்ந்தே குறையைக் கணித்தார்.

அப்படிக் கணித்ததில் அவர் ஒன்றைக் கவனித்தார். நீலக் குழந்தைகளில், அந்த மூடாத நாளமும் சேர்ந்து இருந்தவர்கள் கூடுதல் காலம் உயிரோடு இருந்தார்கள். நாளம் மூடியதும் நிலைமை மோசமானது. மற்றக் குழந்தைகளுக்கு நோயாக இருப்பது இந்தக் குழந்தைகளுக்கு உயிர்நாடியாக இருந்தது. அப்படியானால் மூடிய நாளத்துக்குப் பதிலாகப் புதிதாக ஒன்றை ஏன் உருவாக்கக் கூடாது? பாஸ்டனில் ராபர்ட் கிராஸ் என்ற அறுவை மருத்துவர் 1938இல் மூடாத நாளத்தை வெற்றிகரமாகக் கட்டி மூடியிருந்தார். டாசிக் அவரிடம் போய்த் தன் யோசனையைச் சொன்னார். கிராஸ் ஆர்வம் காட்டவில்லை. பிறகு 1941இல் ஹாப்கின்ஸுக்கு வந்த பிளேலாக்கிடம் சொன்னார். பிளேலாக்கோடு அங்கே வந்திருந்தவர் விவியன் தாமஸ்.

சம்பளப் பட்டியலில் துப்புரவுத் தொழிலாளி

தாமஸ் 1910இல் லூசியானாவில் பிறந்து, டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் வளர்ந்தவர். அப்பா தச்சர். மகனும் அந்த வேலையைக் கற்றுத் தேர்ந்திருந்தார். மருத்துவராக வேண்டும் என்பது கனவு. கல்லூரிக்காகத் தச்சு வேலை செய்து காசு சேர்த்தார். 1929இல் பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கியது. காசு போட்டிருந்த வங்கி மூழ்கியது. கனவும் அதோடு போனது.

1930இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பிளேலாக்கின் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சில ஆண்டுகளில் நுட்பமான அறுவைகளைத் தனியாகச் செய்யும் அளவுக்குத் தேர்ந்தார். அடிபட்டவர்களுக்கு ஏற்படும் அதிர்ச்சிநிலைக்கு இரத்தமும் உடல்நீரும் இழப்பதே காரணம் என்று நிறுவிய ஆய்வுகளில் அவருடைய உழைப்பு இருந்தது. இரண்டாம் உலகப் போரில் எத்தனையோ படைவீரர்களின் உயிரைக் காத்த அறிவு அது. ஆனால் பல்கலைக்கழகத்தின் சம்பளப் பட்டியலில் அவர் துப்புரவுத் தொழிலாளி. ஆய்வு செய்தவருக்குக் கொடுத்தது துப்புரவுத் தொழிலாளியின் கூலி.

அவருடைய அண்ணன் ஹெரால்ட் பள்ளி ஆசிரியர். கறுப்பின ஆசிரியர்களுக்கு வெள்ளையரைவிடக் குறைந்த சம்பளம் தருவதை எதிர்த்து நாஷ்வில் கல்வி வாரியத்தின் மீது வழக்குத் தொடுத்தார். பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியான தர்குட் மார்ஷல் அந்த வழக்கில் துணை நின்றார். வழக்கில் வெற்றி, ஆனால் ஹெரால்டின் வேலை போனது. உரிமை கேட்டால் என்ன நடக்கும் என்பது அந்த வீட்டுக்குத் தெரியும்.

ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அன்று கறுப்பர்களுக்குத் தனிக் கழிப்பறை, தனி வார்டு. கறுப்பர்கள் செய்த வேலை பெரும்பாலும் துப்புரவு. அங்கே ஒரு கறுப்பர் வெள்ளை ஆய்வக அங்கியோடு நடந்ததை எல்லோரும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பிறகு ஆய்வகத்தை விட்டு வெளியே போகும்போதெல்லாம் தாமஸ் அந்த அங்கியைக் கழற்றிவிட்டே போனார். சட்டை போட்டதற்கும் செருப்பு போட்டதற்கும் அடி வாங்கிய ஊர்க்கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு, ஒரு வெள்ளை அங்கியின் பாரம் புரியாதா?

1944, நவம்பர் 29

டாசிக் கொடுத்தது யோசனை. அதைச் செய்து பார்க்க வேண்டியது தாமசின் வேலையானது. முதலில் நாயிடம் அந்த நீல நோயைப் போன்ற நிலையை உருவாக்க வேண்டும். பிறகு அதைச் சரிசெய்ய வேண்டும். கைக்குப் போகும் தமனியை வெட்டி, அதன் முனையைத் திருப்பி நுரையீரல் தமனியில் தைத்தால் இரத்தம் மீண்டும் நுரையீரலுக்குப் போகும். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள், 200 நாய்கள் அளவுக்கு இந்த ஆய்வு நீண்டது. நுண்ணிய நாளங்களைத் தைக்கும் அளவுக்குச் சிறிய கருவிகள் அன்று இல்லை. பெரிய ஊசிகளை வெட்டிக் கூர்தீட்டித் தேவைக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார் தாமஸ். தச்சுப் பட்டறையில் பழகிய கை அது.

முதல் நோயாளி ஐலீன், பதினைந்து மாதக் குழந்தை. நான்கரைக் கிலோகூட எடை இல்லை. பிளேலாக் இந்த அறுவையை அதுவரை ஓரிரு முறைக்கு மேல் செய்து பார்த்ததில்லை. தாமசோ ஆய்வகத்தில் எண்ணற்ற முறை செய்தவர். அதனால் தாமஸ் தனக்குப் பின்னால் நின்றே ஆக வேண்டும் என்றார் பிளேலாக். ஒரு சிறிய முக்காலியின் மேல் ஏறி, பிளேலாக்கின் வலது தோளுக்குப் பின்னால் நின்று, தையல் எந்தத் திசையில் போக வேண்டும், எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று தாமஸ் சொல்லிக்கொடுத்தார். சட்டப்படி அவர் நோயாளியைத் தொட முடியாது.

குழந்தை அறுவையைத் தாங்கிப் பிழைத்தது. ஆனால் சில மாதங்களில் நீலம் திரும்பி வந்தது. இரண்டாவது அறுவைக்குப் பிறகு, இரண்டு வயது நிறையும் முன் ஐலீன் இறந்துபோனாள். எனினும் வழி திறந்துவிட்டது. 1945இன் தொடக்கத்தில் மேலும் இரண்டு குழந்தைகளுக்கு அறுவை நடந்தது. ஆறு வயதுச் சிறுவன் ஒருவனின் உதடு அறுவை மேசையிலேயே நீலத்திலிருந்து சிவப்புக்கு மாறியது. செய்தி பரவியதும் உலகெங்கிலுமிருந்து பெற்றோர் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பால்டிமோருக்கு வந்தார்கள். இது முழுத் தீர்வு அல்ல. இதயத்தைத் திறந்து குறையை முழுதாகச் சரிசெய்யும் அறுவை 1954இல் மினசோட்டாவில் நடந்தது. அதுவரை சாவை மட்டுமே பார்த்த நோய்க்கு முதல் வாசல் திறந்தது பால்டிமோரில்தான்.

1945 மே மாதம் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஆய்வுக்கட்டுரை வெளியானது. எழுதியவர்கள் பிளேலாக், டாசிக். தாமசின் பெயர் அதில் எங்குமே இல்லை.

நல்ல மனிதர்களும் கெட்ட அமைப்பும்

பிளேலாக்கைக் கொடுங்கோலர் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. உண்மை அப்படியில்லை. டெட்ராய்ட்டில் ஒரு பெரிய மருத்துவமனை அவரை அழைத்தபோது, தாமசுக்கு அங்கே வேலை இல்லை என்றதால் அந்தப் பதவியையே மறுத்தவர் அவர். ஹாப்கின்ஸ் நிர்வாகத்திடம் தாமசுக்காக வாதாடியவரும் அவர்தான். ஆனால் அதே பிளேலாக்கின் வீட்டு விருந்துகளில், கூடுதல் வருமானத்துக்காகத் தாமஸ் மது பரிமாறினார். பகலில் தான் அறுவை கற்றுக்கொடுத்த இளம் மருத்துவர்களுக்கு மாலையில் கோப்பை நீட்டினார். இப்படி நடப்பதில் தவறிருப்பதாக அங்கே யாருக்கும் உறைக்கவில்லை.

நம் சூழலிலும் இது பழகிய கதை. 'எங்க ஐயா ரொம்ப நல்லவர், எங்களைப் பிள்ளை மாதிரி பாத்துக்குவார்' என்ற பேச்சைக் கேட்காத சேரி உண்டா? தனிமனிதரின் இரக்கத்தால் ஒருவருக்கு வேலை கிடைக்கலாம், சம்பள உயர்வும் கிடைக்கலாம். ஆனால் கட்டுரையில் பெயர் வருவது உரிமையின் கணக்கு. அங்கே இரக்கம் செல்லாது.

தாமஸ் 1940களின் பிற்பகுதியில் கல்லூரியில் சேரவும் முயன்றார். அவருடைய இத்தனை ஆண்டு அனுபவத்துக்கு எந்த மதிப்பெண்ணும் தரமாட்டோம், முதலாண்டு மாணவராகத் தொடங்குங்கள் என்றார்கள். படித்து மருத்துவராக வெளியே வரும்போது ஐம்பது வயதாகியிருக்கும். விட்டுவிட்டார். அவரிடம் பயின்ற டென்டன் கூலி போன்றவர்கள் உலகப் புகழ்பெற்ற இதய அறுவை மருத்துவர்கள் ஆனார்கள்.

1971இல்தான் ஹாப்கின்ஸில் தாமசின் ஓவியம் மாட்டப்பட்டது. 1976இல் அதே பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. விதிமுறைகளைக் காட்டி மருத்துவத்தில் தராமல் சட்டத்தில் தந்தார்கள். மருத்துவக் கல்லூரியில் ஆசிரியர் பதவியும் அப்போதுதான் வந்தது. 1979இல் ஓய்வு. 1985 நவம்பரில் இறந்தார். அவருடைய தன்வரலாறு அச்சாகி வந்தது அதற்குச் சில நாட்கள் கழித்து.

டாசிக்கும் பெண் என்பதற்கு விலை கொடுத்தார். உலகமே அறிந்த அவர் முழுப் பேராசிரியர் ஆனது 1959இல்தான். ஆனால் அவருடைய பெயர் அறுவை சிகிச்சையில் இருந்தது. ஒடுக்குமுறை எல்லோரையும் ஒரே படியில் நிறுத்துவதில்லை. அண்ணல் அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னதை, அந்த அறுவை அரங்கில் நின்றவர்களின் வரிசையிலேயே பார்க்கலாம்.

நமக்கு இதில் என்ன?

நிறவெறியும் சாதியும் ஒன்றே அல்ல. ஆனாலும் இரண்டு மக்களும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டார்கள். 1913 முதல் 1916 வரை நியூயார்க்கில் படித்த அம்பேத்கர், 1946இல் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பின மக்கள் அளித்த மனுவின் படியைக் கேட்டார். டு பாய்ஸ் பதில் எழுதினார். 1972இல் பம்பாயில் உருவான தலித் பேந்தர்ஸ் தன் பெயரையே கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டது.

சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, வேலை செய்பவர்களையே பிரிக்கிறது என்றார் அம்பேத்கர். மருத்துவத்தில் இதை அப்பட்டமாகப் பார்க்கலாம். மனு நூல் மருத்துவர் கையால் உணவு வாங்கக் கூடாது என்கிறது. இரத்தமும் சீழும் தீட்டு. அதனால் உடலைத் தொடும் வேலை கீழே தள்ளப்பட்டது. நம் ஊர்களில் பிரசவம் பார்த்த மருத்துவச்சிகள் எந்தச் சாதிகளிலிருந்து வந்தார்கள்? அவர்களில் எத்தனை பேரின் பெயர் மருத்துவ வரலாற்றில் இருக்கிறது?

1836இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா சவத்தை அறுத்ததை இந்திய மருத்துவத்தின் பெரும் புரட்சியாகப் பாடநூல்கள் கொண்டாடுகின்றன. உயர்சாதி இந்து ஒருவர் பிணத்தைத் தொட்டார் என்பதே புரட்சி. தலைமுறை தலைமுறையாகப் பிணத்தைத் தொட்டு, தூக்கி, எரித்து, புதைத்தவர்களின் அறிவு வரலாறு ஆகவில்லை. இன்றும் பல அரசு மருத்துவமனைப் பிணவறைகளில் உடலை அறுப்பதும் திரும்பத் தைப்பதும் தலித் ஊழியர்களின் கைகள்தாம். அறிக்கையில் கையெழுத்து வேறொருவருடையது. தாமஸ் ஏறி நின்ற முக்காலி நமக்குத் தொலைவில் இல்லை.

தொண்டைவலியும் குடியிருப்பும்

டாசிக்கிடம் பயிற்சி பெற்றவர்களில் ஒருவர் டாக்டர் எஸ். பத்மாவதி. பர்மாவில் பிறந்த தமிழர். 1953இல் டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, இந்தியாவில் இதய மருத்துவத்தை வளர்த்தெடுத்தார். அவர் தீவிரமாக ஆராய்ந்த நோய்களில் ஒன்று ருமாட்டிக் இதய நோய். இது பிறவியில் வருவதல்ல. தொண்டையில் வரும் ஒருவகைக் கிருமித் தொற்றைக் கவனிக்காமல் விட்டால், சிலருக்கு மூட்டுவலிக் காய்ச்சல் வந்து, இதய வால்வுகள் கெட்டுப்போகும். பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக் குழந்தைகளைத் தாக்கும். நெரிசலான வீடுகளில் எளிதாகப் பரவும். பணக்கார நாடுகளில் வீட்டுவசதி மேம்பட்டு, பென்சிலினும் வந்தபோது பெருமளவு மறைந்துபோனது.

பிறவி ஓட்டைக்குச் சாதி கிடையாது. ஆனால் ருமாட்டிக் நோய்க்கு முகவரி உண்டு. ஒரே அறையில் ஏழெட்டுப் பேரைப் படுக்க வைக்கும் குடியிருப்பே அந்த முகவரி. ஊருக்கு வெளியே குறுகலான நிலத்தில் நம்மை ஒதுக்கி வைத்தது யார் என்ற கேள்வி மருத்துவக் கேள்வியும்தான்.

இளம் தோழர்களுக்குச் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. உங்கள் தெருவில் பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்துக் களைக்கும் குழந்தை, எடை ஏறாத குழந்தை, விளையாட்டின் நடுவே குத்துக்காலிட்டு உட்காரும் குழந்தை இருந்தால் உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள். கறுத்த தோலில் நீலம் எளிதில் தெரியாது. நாக்கையும் ஈறையும் நகத்தையும் பாருங்கள். தொண்டைவலிக்குப் பின் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்தால் அலட்சியம் வேண்டாம். ருமாட்டிக் காய்ச்சல் என்று உறுதியானால், 3 அல்லது 4 வாரங்களுக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசியைப் பல ஆண்டுகள் நிறுத்தக் கூடாது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் இந்த இரு இதய நோய்களுக்கும் பரிசோதனை நடக்க வேண்டும். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இதய அறுவைக்கு இடமுண்டு. உங்கள் ஊர்ப் பள்ளிக்கு மருத்துவக் குழு கடைசியாக எப்போது வந்தது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. உங்கள் வீட்டில், தெருவில் மருத்துவமனை வார்டிலும் ஆய்வகத்திலும் பிணவறையிலும் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர்கள் இருப்பார்கள். அவர்கள் என்ன செய்தார்கள், யாருக்கு எதைக் கற்றுக்கொடுத்தார்கள், யார் பெயரில் அது வெளியே போனது என்று கேட்டு எழுதி வையுங்கள். தாமஸ் தன் கதையைத் தானே எழுதி வைத்ததால்தான் இன்று அவருடைய பெயரை நாம் சொல்ல முடிகிறது.